பக்கத்தில் நின்றவர் எழுதும் கடிதம்

"எனக்காக ஒரு கடிதம் எழுதித் தர முடியுமா?" என்று அந்தப் பெண் கேட்டபோது அதிகாலை நான்கு மணி. இருவரும் ஆம்புலன்ஸின் உட்புறத்தைக் கிருமிநாசினி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

நியூ ஜெர்சியின் பல ஊர்களில் ஆம்புலன்ஸ் சேவையை நடத்துகிறவர்கள் தன்னார்வலர்கள். ஆசிரியர், கடைக்காரர், ஓய்வு பெற்றவர், கல்லூரி மாணவர் என்று யார் வேண்டுமானாலும் உரிய பயிற்சியை முடித்து, தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறலாம். பகலில் மென்பொருள் வேலை பார்க்கும் நானும், பட்டப்படிப்பை முடித்துவிட்டு மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்த அவரும் ஒன்றரை ஆண்டாக வாரத்தில் ஓர் இரவு ஒரே வண்டியில் இருந்தோம். வயதில் என்னைவிட இருபது ஆண்டு இளையவர். ஆனால் ஸ்ட்ரெச்சரின் ஒரு முனை அவர் கையில் என்றால் மறுமுனை என் கையில். அவருக்கு மதிப்பெண் போடும் அதிகாரமோ, அவரை வேலையிலிருந்து நீக்கும் அதிகாரமோ எனக்குக் கிடையாது. அவர் என்னிடம் கேட்டதற்குக் காரணமே அதுதான். விண்ணப்பித்த கல்லூரிகளில் ஒன்று, பேராசிரியர்களின் கடிதங்களோடு, சமமாகக் கூட நின்று பார்த்த ஒருவரின் கடிதத்தையும் கேட்டிருந்தது.

எழுதித் தருகிறேன் என்று உடனே சொல்லிவிட்டேன். அதன்பின் மூன்று வாரம் ஒரு வரிகூட உருப்படியாக எழுத வரவில்லை.

அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை எப்படி நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எம்.டி. பட்டம் தரும் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றுக்கு ‘ஆம்காஸ்’ என்னும் பொது விண்ணப்பச் சேவை வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் அதை நடத்துகிறது. 2024ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கு ஏறத்தாழ 52,000 பேர் விண்ணப்பித்தார்கள். 23,000 பேர் சேர்ந்தார்கள். பட்டப்படிப்பு மதிப்பெண், ‘எம்காட்’ நுழைவுத் தேர்வு, தன்னைப் பற்றிய கட்டுரை, நேர்காணல் ஆகியவற்றோடு கடிதங்களும் போகும். ஒருவர் பத்துக் கடிதங்கள் வரை சேர்க்கலாம். அறிவியல் பேராசிரியர், ஆய்வகத் தலைவர், கூட இருந்து வேலை கற்ற மருத்துவர் ஆகியோரின் கடிதங்களுக்குத்தான் முதல் மரியாதை. சகாவின் கடிதத்தைக் கேட்கும் கல்லூரிகள் குறைவு. இளநிலைப் படிப்பில் டார்ட்மத், டேவிட்சன் போன்ற கல்லூரிகள் நண்பர் அல்லது உடன் படித்தவரின் கடிதத்தை வரவேற்கின்றன. மருத்துவக் கல்வியில் அது இன்னும் ஓரத்தில்தான் நிற்கிறது.

அந்த ஓரத்துக் கடிதம் நடுவுக்கு வர வேண்டும் என்பது என் கட்சி. அதை எழுத உட்கார்ந்தபோதுதான் இந்தக் கட்சிக்கு வந்து சேர்ந்தேன்.

என் முதல் தடுமாற்றம் நம் ஊரிலிருந்து வந்தது. ‘சிபாரிசு’ என்ற சொல்லைக் கேட்டாலே தமிழ்நாட்டில் வளர்ந்த யாருக்கும் ஒரு காட்சி மனதில் வரும்: லெட்டர்பேடு, பச்சை மை, "இக்கடிதம் கொண்டுவரும் நபர் எனக்கு நன்கு தெரிந்தவர்" என்ற வரி. கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை யாரும் படிப்பதில்லை. கையெழுத்து யாருடையது என்றுதான் பார்ப்பார்கள். மேல்படிப்புக்காக வெளிநாட்டுக்கு விண்ணப்பித்தபோது எனக்குக் கிடைத்த கடிதமும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். "நீயே அடிச்சுக் கொண்டு வாப்பா, கையெழுத்துப் போடறேன்" என்றார் எங்கள் ஆசிரியர். கொண்டு போனேன். படிக்காமலே போட்டுத் தந்தார். அந்தக் கடிதத்தின் பலத்தில்தான் இந்த நாட்டுக்கு வந்தேன். அதில் என்னைப் பற்றி ஒரே ஓர் உண்மையைக்கூட என்னைத் தவிர வேறு யாரும் கவனித்து எழுதவில்லை என்பது இத்தனை ஆண்டு கழித்தும் உறுத்துகிறது. அவர்மீது கோபமில்லை. எழுபது மாணவர்களுக்குக் கடிதம் கொடுக்க வேண்டிய ஒருவர் வேறு என்ன செய்வார்? ஆனால் கடிதம் என்றால் என்ன என்பதை அன்று நான் தவறாகக் கற்றுக்கொண்டேன்.

அந்தப் பழக்கம் என் முதல் வரைவில் அப்படியே வெளிப்பட்டது. ‘கடும் உழைப்பாளி. அன்பானவர். பொறுமைசாலி. நம்பகமானவர். எந்த நேரம் அழைத்தாலும் வருவார்.’ எழுதி முடித்துப் படித்தபோது இது ஊரில் பத்தாயிரம் பேருக்குப் பொருந்தும் என்று தோன்றியது. அதைவிடப் பெரிய சங்கடம் பிறகு வந்தது. 2003இல் ஃபிரான்சஸ் டிரிக்ஸ், கேரலின் சென்கா என்னும் இருவர், ஓர் அமெரிக்க மருத்துவக் கல்லூரியில் ஆசிரியர் பணிக்கு வந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை வரி வரியாகப் படித்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பெண்களுக்கு எழுதப்பட்டவை சராசரியாகக் குட்டையானவை. சந்தேகத்தைக் கிளப்பும் சொற்கள் அவற்றில் கூடுதல். ஆண்களின் கடிதங்களில் திறமையும் ஆராய்ச்சியும் மின்ன, பெண்களின் கடிதங்களில் உழைப்பும் பாடுபடுதலும் அதிகம் பேசப்பட்டன. என் வரைவை மறுபடி எடுத்துப் பார்த்தேன். முதல் சொல்லே ‘கடும் உழைப்பாளி’. இதே வண்டியில் வேலை செய்யும் ஓர் இளைஞன் கேட்டிருந்தால் முதல் சொல்லாக எதை எழுதியிருப்பேன்? ‘கூர்மையானவன்’ என்று எழுதியிருப்பேன். அது எனக்கே தெரிந்தது. வரைவைக் கிழித்தேன்.

அதன்பின் மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் கடிதம் எழுதுபவர்களுக்கென வெளியிட்டிருக்கும் வழிகாட்டியைத் தேடிப் படித்தேன். அங்கே ‘பரிந்துரை’ என்ற சொல்லே பின்னுக்குப் போய்விடுகிறது. அதை மதிப்பீட்டுக் கடிதம் என்கிறார்கள். விண்ணப்பதாரருக்காக வாதாடாதீர்கள், அவர் பொருத்தமானவரா என்று துல்லியமாகச் சொல்லுங்கள் என்பது அதன் சாரம். நீளம் முக்கியமில்லை. எப்படித் தெரியும், எவ்வளவு நாளாகத் தெரியும் என்று சொல்ல வேண்டும். நேரில் பார்த்த நடத்தையை எழுத வேண்டும்: சூழல் என்ன, அவர் என்ன செய்தார், அதனால் என்ன ஆயிற்று. யாரோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இதைப் படித்தபோது எனக்கு நீதிமன்றச் சாட்சிக்கூண்டு நினைவுக்கு வந்தது. கூண்டில் ஏறியவரிடம் "அவர் நல்லவரா?" என்று கேட்பதில்லை. "அன்று இரவு நீங்கள் எங்கே நின்றீர்கள், என்ன பார்த்தீர்கள்?" என்றுதான் கேட்பார்கள். சிபாரிசு செய்பவர் தன் செல்வாக்கைக் கடன் கொடுக்கிறார். சாட்சி தன் கண்ணைக் கொடுக்கிறார். செல்வாக்கே இல்லாத சகாவால் கொடுக்க முடிந்தது இரண்டாவது மட்டும்தான்.

சரி, நான் என்ன பார்த்தேன்?

ஆம்புலன்ஸ் வேலையில் தொலைக்காட்சியில் காட்டுவது போன்ற விபத்தும் ரத்தமும் எப்போதாவதுதான். அடிக்கடி வருவது வேறு அழைப்பு. தனியாக வாழும் முதியவர் கட்டிலிலிருந்தோ கழிவறையிலோ விழுந்திருப்பார், அடி பெரிதாக இராது, எழுந்திருக்க முடியாது. போய், சோதித்துப் பார்த்து, தூக்கி உட்காரவைக்க வேண்டும். அனுபவப்பட்டவர்களுக்கு இந்த அழைப்பு சலிப்பு தரும். புதியவர்கள் ஏமாற்றமடைவார்கள். ஒருவரின் குணம் தெரிய வேண்டுமானால் பின்னிரவில் இப்படி ஒரு வீட்டுக்குள் அவரோடு நுழைந்து பார்க்க வேண்டும்.

அப்படி ஓர் இரவு. தரையில் கிடந்த பெரியவரிடம் நானும் இன்னொருவரும் மாறி மாறிக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தோம். தலையில் அடிபட்டதா, மயக்கம் வந்ததா, இன்று என்ன கிழமை. அவர் பதில் பொருத்தமில்லாமல் வந்தது. குரலை உயர்த்தினோம். இன்னும் குழம்பினார். ‘நிதானமில்லை’ என்று குறிப்பு எழுதுவதற்குக் கிட்டத்தட்டப் போய்விட்டோம். இந்தப் பெண் எங்கள் பின்னாலிருந்து விலகி, கட்டிலோரத்து மேசையில் ஒரு கிண்ணத்தில் இருந்த காது கேட்கும் கருவியை எடுத்து வந்தார். தரையில் முழங்காலிட்டு, அதை அவருக்குக் காட்டி, அவர் தலையசைத்த பிறகு காதில் பொருத்தினார். பிறகு எங்கள் முதல் கேள்வியைச் சாதாரணக் குரலில் கேட்டார். பெரியவர் கிழமையையும் தேதியையும் சொன்னார். எப்படி விழுந்தார் என்பதையும் வரிசையாகச் சொன்னார். அந்தப் பதிலில் இருந்துதான் அவர் உட்கொண்ட புதிய மாத்திரை பற்றித் தெரிந்தது. மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும் என்று முடிவாயிற்று.

அங்கே பேராசிரியர் யாரும் இல்லை. பாராட்டவும் ஆளில்லை. நானே அன்று பாராட்டவில்லை. வண்டி கிளம்பும் அவசரம். கடிதம் எழுத உட்கார்ந்தபோதுதான் அது நினைவில் மேலே வந்தது. கவனிப்பு, பணிவு, நோயாளியின் சம்மதம் கேட்கும் பழக்கம், கண்டறிதலில் கூர்மை, இவை நான்கும் அந்த ஒரு நிமிடத்தில் இருந்தன. நான்கையும் பட்டியலிட்டிருந்தால் வெறும் சொற்களாகப் போயிருக்கும். கிண்ணத்தை எழுதினேன். ஊர், வயது, மாத்திரையின் பெயர் எதையும் எழுதவில்லை. அமெரிக்காவில் 1996இலிருந்து நோயாளியின் தகவலைக் காக்கும் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அந்தப் பெரியவரின் இரவு எனக்கு உரியதன்று. இங்கும் அடையாளம் தெரியாதபடிதான் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த பத்திதான் கடினமாக இருந்தது. அவர் ஒரு தவறு செய்திருந்தார்.

பணி தொடங்கும்போது வண்டியில் உள்ள ஒவ்வொன்றையும் சரிபார்த்துப் பட்டியலில் குறி போட வேண்டும். ஆக்சிஜன் உருளையின் அளவு, சக்‌ஷன் கருவியின் சார்ஜ், கட்டுத்துணி, கையுறை. ஒரு நாள் சக்‌ஷன் கருவியைப் பார்க்காமலே குறி போட்டுவிட்டார். இரவில் தேவைப்படவில்லை. காலையில் வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு சந்தேகம் வந்து, பகல் குழுவை அழைத்து, "அதைப் பாருங்கள், நான் பார்க்கவில்லை, பார்த்ததாக எழுதியிருக்கிறேன்" என்று சொன்னார். சார்ஜ் பாதிக்கும் கீழே இருந்தது. மாலையில் வந்து பட்டியலில் தன் பெயரிட்டுத் திருத்தி எழுதினார். யாருக்கும் தெரிந்திருக்காது. அவரே சொன்னதால்தான் எங்களுக்குத் தெரியும்.

இதை எழுதலாமா? தோழமை ‘வேண்டாம்’ என்றது. ஒரு சீட்டுக்கு இத்தனை பேர் அடித்துக்கொள்ளும் இடத்தில் குறையை எழுதி அனுப்புவது துரோகமாகத் தோன்றியது. இரண்டு நாள் யோசித்து, எழுதினேன். காரணம் மேக்ஸின் பாபடாகிஸ் என்னும் மருத்துவரும் அவர் குழுவும் 2005இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு. மாநில மருத்துவ வாரியங்களால் தண்டிக்கப்பட்ட 235 மருத்துவர்களை எடுத்துக்கொண்டு, அவர்களின் கல்லூரிக் காலக் கோப்புகளை, அப்படித் தண்டனை எதுவும் பெறாத 469 பேரின் கோப்புகளோடு ஒப்பிட்டார்கள். தண்டனை பெற்றவர்களுக்குக் கல்லூரியிலேயே நடத்தைக் குறை இருந்திருப்பதற்கான வாய்ப்பு மற்றவர்களைப் போல மூன்று மடங்கு. அந்தக் குறைகளில் முதன்மையானது பொறுப்பின்மை. இன்னொன்று, சுட்டிக்காட்டினாலும் தன்னைத் திருத்திக்கொள்ள முடியாமை. நுழைவுத் தேர்வு மதிப்பெண் குறைவுக்கும் தொடர்பு இருந்தது. ஆனால் அவ்வளவு வலுவாக இல்லை.

தவறே செய்யாத மருத்துவர் இல்லை. தவறிய பின் என்ன செய்தார் என்பதை மேலதிகாரி பெரும்பாலும் பார்ப்பதில்லை. அவர் கண்ணில் படுவதற்குள் அது மூடப்பட்டிருக்கும், அல்லது சரிசெய்யப்பட்டிருக்கும். எது நடந்தது என்பது பக்கத்தில் நின்றவருக்குத்தான் தெரியும். அந்தத் தொலைபேசி அழைப்பைப் பற்றி எழுதாமல் விட்டிருந்தால், அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் ஆகச் சிறந்ததை மறைத்தவன் ஆகியிருப்பேன்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எழுத முடியாதவர்கள் மறுத்துவிட வேண்டும். நண்பன் கேட்கிறான், எப்படி இல்லை என்பது என்று தயங்கி, வெறும் பாராட்டு வார்த்தைகளால் பக்கத்தை நிரப்பி அனுப்புகிறவர்கள் நண்பனுக்கும் நல்லது செய்வதில்லை. "உன்னோடு நான் நெருங்கி வேலை செய்ததில்லை, என்னைவிட உன்னை நெருங்கிப் பார்த்தவர் யாராவது இருப்பார்" என்று சொல்வதில் அவமரியாதை இல்லை. நாளைக்கு அந்த நண்பனின் கையில் யாரோ ஒருவரின் குழந்தை இருக்கும். கடிதம் எழுதும்போது அந்தக் குழந்தையும் மேசையின் எதிரில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். இதைப் படிக்கும் பலர் மனதில் ஒரு கேள்வி எழுந்திருக்கும்: கடிதத்துக்கும் நேர்காணலுக்கும் இடம் கொடுத்தால் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? அந்தப் பயம் நியாயமானது, அனுபவத்திலிருந்து வந்தது. 1970இல் பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைதான். மொத்தம் 275 மதிப்பெண்ணில் 75 நேர்காணலுக்கு. ஒவ்வொருவருக்கும் சராசரியாக மூன்று நிமிடம்கூட நேர்காணல் நடக்கவில்லை. அந்த 75 அதிகம் என்று நீதிமன்றம் கருத்துச் சொன்னது. மூன்று நிமிடத்தில் ஒரு மனிதரை எடைபோட முடியாது. யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துகொள்ள முடியும்.

இன்னொரு அனுபவமும் நமக்கு உண்டு. வேலூர் சி.எம்.சி. பல பத்தாண்டுகள் எழுத்துத் தேர்வோடு நிற்காமல், தேர்ந்தவர்களை வரவழைத்துத் தங்கவைத்து, குழுவாகச் செய்யும் பணிகளில் ஒருவரோடு ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று கவனித்துத் தேர்ந்தெடுத்தது. நீட் வந்தபோது அதை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் 2017இல் நூறு எம்.பி.பி.எஸ். இடங்களில் ஒன்றைத் தவிர மற்றவற்றைக் காலியாகவே விட்டது. 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சிறுபான்மை நிறுவனங்களுக்கும் நீட் பொருந்தும் என்று தீர்ப்பளித்த பின் அந்த வழி அடைபட்டது. ஒரு நல்ல கண் மூடப்பட்டதாகவே நான் நினைக்கிறேன். ஆனாலும் அந்த முறையை எல்லாக் கல்லூரிக்கும் விரித்தால் பழைய மூன்று நிமிட நேர்காணல்தான் பல இடங்களில் திரும்பி வரும்.

ஆகவே நுழைவாயிலில் சகாவின் கடிதத்தைத் தமிழ்நாட்டில் நான் கேட்க மாட்டேன். அமெரிக்காவிலேயே அதில் ஓர் அநீதி இருக்கிறது. சம்பளமில்லாமல் ஆம்புலன்ஸில் ஒன்றரை ஆண்டு ஏற முடிகிற பெண்ணுக்கு என்னைப் போன்ற சாட்சி கிடைக்கிறார். படிப்பு முடிந்ததும் கடையில் நின்று குடும்பத்துக்குச் சம்பாதிக்கிற பெண்ணுக்கும் சாட்சி உண்டு: பக்கத்துக் கவுன்ட்டரில் நிற்பவர். அவரிடம் கடிதம் கேட்கலாம் என்று அந்தப் பெண்ணுக்கு யாராவது சொல்ல வேண்டும். அதைக் கல்லூரியும் மதிக்க வேண்டும்.

ஆனால் உள்ளே நுழைந்த பிறகு? ஐந்தரை ஆண்டு ஒன்றாகப் படித்து, ஒரே விடுதியில் தூங்கி, பயிற்சி மருத்துவர்களாக ஒரே வார்டில் இரவைக் கழிக்கிறவர்களுக்கு ஒருவரைப் பற்றி ஒருவர் தெரியாதது எது? யார் அடுத்தவரின் டியூட்டியையும் சேர்த்துப் பார்க்கிறார், யார் ரத்த அழுத்தத்தை அளக்காமலே எண்ணை எழுதுகிறார், நோயாளியின் தாயிடம் யார் எரிந்து விழுகிறார், எல்லாம் வகுப்புக்கே தெரியும். அந்த அறிவை யாரும் கேட்பதில்லை. 2019இல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் மனப்பாங்கு, அறம், தகவல் தொடர்புக்கென்று தனிப் பகுதி சேர்த்தார்கள். நல்ல மாற்றம். அதை மதிப்பிடும் பொறுப்பு மட்டும் ஆசிரியரோடு நின்றுவிடக் கூடாது.

அமெரிக்காவில் 2002இல் தொடங்கிய கோல்டு மனிதநேய கௌரவ அமைப்புக்கு மாணவர்களை முதலில் முன்மொழிகிறவர்கள் வகுப்புத் தோழர்களே. உன் வீட்டில் ஒருவருக்கு நோய் வந்தால் உன் வகுப்பில் யாரிடம் காட்டுவாய் என்பது போன்ற கேள்விகள் அதில் உண்டு. பிரிட்டனில் 2012 டிசம்பரிலிருந்து மருத்துவர்கள் தங்கள் உரிமத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ளச் சக பணியாளர்களின் கருத்தும் தேவை. அங்கே வேலை பார்க்கும் நம் ஊர் மருத்துவர்களுக்கும் இது பொருந்தும்.

ஒருவர் சொல்வதை மட்டும் நம்பலாமா? கூடாது. 1993இல் பால் ராம்சி குழுவின் ஆய்வு, ஒரு மருத்துவரைப் பற்றி நம்பத் தகுந்த மதிப்பீடு கிடைக்கச் சக மருத்துவர்கள் 11 பேரின் கருத்து வேண்டும் என்று கண்டது. நம் விடுதிகளில் சாதிவாரியாகப் பிரிந்து உட்காரும் மேசைகளை அறிந்தவர்கள் அந்த 11 பேர் யார் என்றும் கேட்பார்கள். கேட்க வேண்டும். பெயர் தெரியாமல், வார்டில் ஒன்றாகப் பணி செய்தவர்களிடம், பார்த்த செயலைப் பற்றி மட்டும் கேட்பதும், அதை மதிப்பெண்ணாக்காமல் அந்த மாணவருக்கே திருப்பிக் கொடுப்பதும் தொடக்கமாக இருக்கட்டும்.

என் கடிதம் கடைசியில் ஒரு பக்கத்துக்குள் முடிந்தது. முதல் வரியில் எத்தனை நாளாக, எந்த வேலையில் அவரைத் தெரியும் என்று எழுதினேன். பிறகு காது கேட்கும் கருவி. பிறகு சக்‌ஷன் கருவி. நான் சேர்ந்து பணியாற்றிய பத்துப் பன்னிரண்டு இளம் தன்னார்வலர்களோடு ஒப்பிட்டு அவரை எங்கே வைப்பேன் என்று ஒரு வரி. என் தந்தை விழுந்து கிடந்தால் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருபவர் அவராக இருக்க வேண்டும் என்று ஒரு வரி.

அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி மாணவர்களுக்குத் தம் கல்விக் கோப்புகளைப் பார்க்கும் உரிமை உண்டு. கடிதங்களைப் பார்க்கும் உரிமையை விண்ணப்பதாரர்கள் பெரும்பாலும் முன்கூட்டியே விட்டுக்கொடுத்துவிடுவார்கள். அவரும் விட்டுக்கொடுத்திருந்தார். தன் தவறு அதில் இருக்கிறது என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது.

அனுப்பிய வாரம் எங்கள் இரவுப் பணியில், "கடிதம் போய்விட்டதா?" என்று மட்டும் கேட்டார். போய்விட்டது என்றேன். நன்றி சொல்லிவிட்டு, பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டியின் பின்கதவைத் திறந்தார். சக்‌ஷன் கருவியை வெளியே எடுத்து, பொத்தானை அழுத்தி, அதன் இரைச்சலைக் கேட்டுவிட்டுத்தான் குறி போட்டார்.